தெம்பனிஸில் முடிந்த தைப்பூச ஊர்வலம்

ஆட்குறைப்பில் வேலை போன பிறகுதான் எனக்குக் கௌரவத்தின் மீது அக்கறை வந்தது. நேர்முகத் தேர்வுக்கு வரும்போது, நான் பங்கெடுத்த மென்பொருள் ஒன்றைக் காட்ட வேண்டும் என்று புது நிறுவனத்தில் சொல்லியிருந்தார்கள். என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. தைப்பூசத் தொண்டூழியர்கள் சிலர் சேர்ந்து எழுதிய கைப்பேசிச் செயலி. ஊர்வலம் சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு கோயில் வரை எங்கே நகர்கிறது, எந்தத் தண்ணீர்ப் பந்தலில் ஆள் குறைவு என்றெல்லாம் அது காட்டும்.

நல்ல செயலிதான். ஆனால் யார் எதை மாற்றினார்கள் என்ற வரலாறு முழுவதும் அதில் பதிவாகியிருக்கும், யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். அங்கேதான், அதை எழுதியவர்களில் ஒருவனான என் மைத்துனன் வருகிறான். புக்கிட் பாஞ்சாங் வீட்டில் உட்கார்ந்துகொண்டு சோதனைப் பதிப்பில் அவன் செய்யாத சேட்டை இல்லை. ஊர்வலம் டேங்க் ரோட்டை விட்டுவிட்டு, தீவின் கிழக்குக் கோடியில் இருக்கும் தெம்பனிஸ் கடைத்தொகுதியின் மின்படிக்கட்டில் போய் முடியும். காவடியோடு ஈரடுக்குப் பேருந்தில் ஏற வேண்டாம் என்று அறிவிப்பு வரும். 'மாமா நடந்தால்' என்று என் நடையைக் கிண்டல் செய்ய ஒரு பொத்தான்; அழுத்தினால் ஊர்வலம் மறுநாள் மதியம்தான் கோயிலைச் சேரும். பொதுமக்கள் கண்ணில் படுவதற்குள் நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றையும் பழையபடி மாற்றிவைப்பேன்.

"சாமி காரியத்துல என்ன விளையாட்டு? எல்லாத்தையும் வரலாற்றுலேர்ந்தே அழிச்சிடணும்," என்று லிட்டில் இந்தியா சாப்பாட்டுக் கடையில் வைத்து முழங்கினேன். உண்மையில் சாமியைவிட அந்தப் பொத்தான்தான் என் கவலை.

செயலியைத் தொடங்கிய தொண்டூழியர் அக்காவுக்கு அதில் விருப்பமில்லை. "அழிச்சா எல்லாரும் அவங்கவங்க கம்ப்யூட்டர்ல இருக்கிற காப்பியைத் தூக்கிப் போட்டுட்டு புதுசா எடுக்கணும். நடந்தது நடந்துபோச்சு, இருந்துட்டுப் போகட்டும் லா."

"உங்களுக்கு வேலை இருக்குக்கா. நான் இன்டர்வியூ போறேன்."

குரல் கம்மியதில் எனக்கே வெட்கமாக இருந்தது. அக்கா பாலில்லாத தே-ஓ தேநீர் கிளாஸைக் கீழே வைத்தார். "சரி, முதல்ல தனியா ஒரு காப்பியில அழிச்சுப் பாப்போம்."

எதிரில் உட்கார்ந்திருந்த மைத்துனன் மடிக்கணினியைத் திறந்தான். "சேட்டையை எடுத்தா, அதை நீங்க திருத்தினதும் சேந்து போயிடும் மாமா. திருத்த ஒண்ணும் இருக்காதுல்ல."

"போகட்டும்," என்றேன், பெரிய தியாகி மாதிரி.

அழித்து முடித்ததும் யார் யார் என்ன செய்தார்கள் என்று காட்டினான். அக்காவின் வேலை திரை முழுக்க ஓடியது. அவனுடையதும் குறைவில்லை, வரைபடம், பந்தல் நிலவரம் எல்லாம் அவன் எழுதியவை. என் பெயர் ஆகக் கடைசியில் இருந்தது. நான் செய்த ஒரே மாற்றம், தொண்டூழியர் வரிசையில் என் பெயரைச் சேர்த்துக்கொண்டது.

இத்தனை காலம் இந்தச் செயலிக்காக மாடாய் உழைத்ததாக நான் மனதார நம்பியிருந்தேன். பார்த்தால், உழைத்ததெல்லாம் அவன் சேட்டையைத் துடைக்கத்தான்.

"இதையே எல்லாருக்கும் அனுப்பிடவா மாமா?" கிண்டலே இல்லாமல் கேட்டான். அதுதான் தாங்க முடியவில்லை.

"கைய எடு," என்றேன். தோசை ஆறிப்போயிருந்தது. ஒரு வாய் பிட்டுப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினேன். "இன்டர்வியூ புதன்கிழமை. அதுக்குள்ள இன்னும் நாலஞ்சு சேட்டை பண்ணிடு. கொஞ்சம் பெருசாவே பண்ணு."