மிதந்த பம்பு

என் மூச்சைப் பற்றி எங்கள் வீட்டில் ஆளுக்கொரு அபிப்பிராயம் இருந்தது. அம்மாவைக் கேட்டால் அது புகையால் வருவது. கொழும்பிலிருந்த பெரியம்மாவைக் கேட்டால் அது தயிரால் வருவது. அப்பா கடல் தொழில் செய்தவர், எல்லாவற்றுக்கும் காற்றைத்தான் குற்றம் சொல்லுவார். எனக்கு அப்போது ஒன்பது வயது. என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது பயத்தால் வருவது என்று சொல்லியிருப்பேன். அதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம், சண்டைக் காலம். வல்வெட்டித்துறையில் கடலுக்குப் போகத் தடை. அப்பாவின் வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது, காகங்கள் அதில் இருந்து எச்சமிட்டுக்கொண்டிருந்தன. கடைகளில் சவர்க்காரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, மருந்தும் இல்லை. அந்த மாரி மழைக்காலத்தில்தான் தடிமன் காய்ச்சல் ஊருக்குள் வந்தது. முதலில் எங்கள் வகுப்பில் இரண்டு பேர் இருமினார்கள். அடுத்த கிழமை ரீச்சரே இருமினா. அதற்கடுத்த கிழமை எங்கள் ஒழுங்கையில் இருமாத வீடு இல்லை.

மற்றப் பிள்ளைகளுக்கு அது பள்ளிக்கூடம் போகாமல் மல்லித்தண்ணி குடித்துக்கொண்டு படுத்திருக்கிற கொண்டாட்டம். எனக்கோ தொய்வு, மூச்சு இழுக்கிற வருத்தம். முந்தின வருடம் ஒரு சின்னத் தடிமன் நெஞ்சில் இறங்கி, உதடு நீலம் பாரித்து, அப்பா என்னைச் சைக்கிள் பாரில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடி, ஊசி போட்ட பிறகுதான் ஒழுங்காக மூச்சு வந்தது. இந்த முறை அந்த ஊசி எங்கேயும் இல்லையாம். அப்பா விசாரித்துவிட்டு வந்து குசினிக்குள் அம்மாவிடம் மெல்லச் சொன்னார். மெல்லச் சொல்லுகிறதென்றால் எங்கள் வீட்டில் நான் கேட்கச் சொல்லுகிறது என்று அர்த்தம்.

அன்றிலிருந்து நான் மூச்சை எண்ணத் தொடங்கினேன். எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எண்ணத் தொடங்கிய மூச்சு ஒருநாளும் ஒழுங்காக வராது. வீட்டில் இருந்தது ஒரே ஒரு பம்பு. பெரியம்மா அனுப்பியது. நீலநிற பிளாஸ்ரிக் வாய், அதற்குள் விரல் நீளத்தில் ஒரு அலுமினியக் குப்பி. அமத்தினால் மருந்து புகையாக வரும், உள்ளே இழுக்கவேண்டும். சாமி அறையில் முருகன் படத்துக்குப் பின்னால் அம்மா அதை வைத்திருந்தா, கேட்காமல் தொடக்கூடாது என்பது கட்டளை. நான் கேட்காமல்தான் தொட்டேன். பக்கத்து வீட்டில் யாராவது இருமினால் போதும், சாமி கும்பிடப் போவதுபோல் போய் ஒருதரம் அடித்துவிட்டு வருவேன். அந்த மாரியில் என்னைப்போல் பக்தியான பிள்ளை எங்கள் ஒழுங்கையில் இருந்திருக்காது.

ஒருநாள் அம்மா பம்பைக் கையில் எடுத்தவ முகம் மாறிப்போனா. "இஞ்சாருங்கோ, இது பஞ்சுபோலக் கிடக்குது, மருந்து முடிஞ்சுதோ தெரியேல்லை."

அப்பா என்னையும் பம்பையும் கூட்டிக்கொண்டு அடுத்த ஒழுங்கைக்குப் போனார். அங்கே ஓய்வுபெற்ற அப்போதிக்கரி ஒருவர் இருந்தார். டொக்டர் இல்லாத காலத்தில் அவர்தான் ஊருக்கு டொக்டர். அவர் குப்பியைக் கழற்றி, ஒரு பேசினில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, அதற்குள் போட்டார். குப்பி ஒருதரம் முங்கி எழும்பி, பக்கவாட்டில் சரிந்து, ஆடி ஆடி மிதந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "மிதக்குது" என்றார் அப்பா.

நான் கை தட்டினேன். ஏன் தட்டமாட்டேன்? நான் கடற்கரைப் பிள்ளை. புது வள்ளம் கட்டி முடித்தால் மஞ்சளும் குங்குமமும் பூசி, தேங்காய் உடைத்துத் தண்ணீரில் தள்ளுவார்கள். சரியாமல் மிதந்தால் ஊரே ஆரவாரிக்கும், எங்களுக்குக் கற்கண்டு கிடைக்கும். மிதந்தால் நல்லது, தாண்டு அடிக்குப் போனால் கூடாது. இது தெரியாத பிள்ளை எங்கள் ஊரில் உண்டா?

"நல்ல பம்பு, என்னப்பா? மிதக்குது!" என்றேன்.

அப்போதிக்கரி என்னைத் திருத்த வாயைத் திறந்தார். அப்பா அவருடைய கையைத் தொட்டார். "ஓம் பிள்ளை, நல்லா மிதக்குது" என்றார் அப்பா. "உது மிதக்கும் வரைக்கும் உனக்கு ஒண்டும் வராது."

 அப்போதிக்கரி என்னைக் கிட்டக் கூப்பிட்டார். "மூச்சு முட்டு வந்தா ஒருதரம் அடி. அடிச்சுப்போட்டு, முன்னால ஒரு விளக்கு எரியுதெண்டு நினைச்சுக்கொண்டு மெல்ல ஊது, அணைச்சுப்போடாதை. சுடர் சாயவேணும், நூரக்கூடாது. விளங்கிச்சுதோ?" விளங்கியது. வீடு வரும்வரை இல்லாத விளக்குகளை ஊதிக்கொண்டே வந்தேன். அப்பா சைக்கிளில் ஏறி ஓடாமல் அதை உருட்டிக்கொண்டு வந்தார்.

எனக்குப் பயம் விட்டுப்போயிற்று. மிதக்கிற பம்பு இருக்கும்போது என்ன பயம்? களவாக அடிப்பதைக்கூட நிறுத்திவிட்டேன்.

மூன்றாம் நாள் அப்பா வெளிக்கிட்டார். "வவுனியா மட்டும் போட்டு வாறன்." கடைகளில் மருந்தெல்லாம் கிடைக்கிற வவுனியாவுக்குப் போவதென்றால் அப்போது கிளாலிக்குப் போய், வள்ளத்தில் நீரேரியைக் கடக்கவேண்டும். கடக்கிறவர்கள்மீது நேவி சுட்டுக்கொண்டிருந்த காலம். முந்தின கிழமை போன ஒரு வள்ளம் திரும்பவில்லை என்று ஒழுங்கையில் கதைத்தார்கள். எனக்கோ, இத்தனை மாதம் கரையில் வாடிக்கிடந்த மனிதர் மறுபடி தண்ணீரைப் பார்க்கப் போகிறார், சந்தோசமான விசயம்தானே என்று பட்டது. அம்மா வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. 

அப்பா போன பிறகுதான் எங்களுக்கு ஒரு விசயம் தெரியவந்தது. மண்ணெண்ணெய் இல்லாதபடியால் அம்மா முற்றத்தில் மூன்று கல்லு வைத்துப் பனைமட்டை எரித்துத்தான் சமைத்தா. அப்பா தினமும் காலையில் முற்றத்தில் நின்று காற்றைப் பார்ப்பார். பார்த்து, புகை வீட்டுக்குள் வராத பக்கமாகக் கல்லுகளைத் தூக்கி மாற்றி வைப்பார். தொழில் போன மனிதர் சும்மா இருக்கமுடியாமல் எதையாவது நோண்டுகிறார் என்று அம்மா ஏசுவா. இப்போது கல்லு வைத்த இடத்திலேயே இருந்தது. ஐந்தாம் நாள் காற்றுத் திரும்பியது.

அன்றைக்கு எனக்குத் தடிமனும் தொடங்கியிருந்தது. புகை வாசலால் வந்து அறைக்குள் நிறைந்தபோது நெஞ்சு இறுகி, விசில் அடிக்கத் தொடங்கிவிட்டது. அம்மா அடுப்பில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டு, பம்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தா. அமத்தினேன். "சிக்" என்றது. புகையும் வரவில்லை, அந்தக் கசப்பும் வரவில்லை. அம்மா பம்பைப் பறித்து, குலுக்கிக் குலுக்கித் திரும்பவும் என் வாயில் வைத்தா. ஐயோ பாவம், அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன்.

"பயப்பிடாதேங்கோ அம்மா" என்றேன், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு எடுத்து. "மிதக்குதுதானே."

அம்மா என்னை மடியில் சாய்த்துக்கொண்டா. நான் விளக்கை ஊதினேன். சுடர் சாயவேணும், நூரக்கூடாது. எத்தனை விளக்கு ஊதினேனோ தெரியாது. அயலவர் யாரோ ஓடிப்போய்ச் சொல்லி, அப்போதிக்கரி சைக்கிளில் வந்து சேர்ந்தபோது விசில் கொஞ்சம் தணிந்திருந்தது. தன்னிடம் இருந்த கடைசிக் குளிசையில் பாதியை உடைத்துத் தந்தார். மத்தியானம் திரும்பும்போது நான் எழும்பியிருந்து கஞ்சி குடித்தேன். "பாத்தியளே, நல்ல பம்பு" என்றேன். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதா. சுகம் வந்த பிறகு ஏன் அழவேண்டும் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

பதினோராம் நாள் அப்பா வந்தார். கறுத்து, மெலிந்து, சேட்டெல்லாம் உப்புப் பூத்து, படலையைத் திறக்கவே பலமில்லாமல் நின்றார். கையில் பேக்கரியில் வாங்கின ஒரு காய்ந்த றாத்தல் பாண். மருந்து கொண்டுவர விடாத காலம் அது, சோதனைச்சாவடியில் பொதியெல்லாம் கொட்டிப் பார்ப்பார்கள். பாணை யார் பார்ப்பார்கள்? அப்பா அதை இரண்டாகப் பிய்த்தார். உள்ளே, பாணின் வெள்ளைக்கு நடுவில், பளபளவென்று ஒரு புதுப் பம்பு.

நான் யாரும் சொல்லாமலே ஓடிப்போய்ப் பேசினில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். சோதிக்கிற விதம் எனக்குத் தெரியும்தானே. குப்பியைக் கழற்றித் தண்ணீருக்குள் போட்டேன். அது ஒரு கல்லைப்போல் நேரே கீழே போய், "டொக்" என்று அடியில் கிடந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "தாண்டு போச்சு அப்பா! உங்களை ஏமாத்திப் பேய்க்காட்டிப் போட்டாங்கள்!"

அப்பா பேசினைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்படியே முற்றத்து மண்ணில் குந்தியிருந்து சிரிக்கத் தொடங்கினார். சிரித்தார், சிரித்தார், கண்ணால் தண்ணீர் ஓடும்வரை சிரித்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரெல்லாம் சுற்றிவிட்டு உதவாத சாமானை வாங்கிக்கொண்டு வந்ததுமில்லாமல், சிரிப்பு வேறு.

"எனக்கு உது வேண்டாம். போய் மாத்திக்கொண்டு வாங்கோ!"

அம்மா என்னை அறைந்தா. என் வாழ்க்கையில் அம்மா என்னை அடித்தது அந்த ஒருதரம்தான். அடித்த கையாலேயே இழுத்து, மூச்சு முட்டும்படி கட்டிப்பிடித்தும் கொண்டா. நான் திமிறிக்கொண்டு நின்றேன். மிதக்கிற பம்பு ஒன்றுதானே கேட்டேன், அதற்கு ஏன் இந்த அடி என்று எனக்கு விளங்கவேயில்லை.