மரக்கட்டை நடந்த நடை

அஞ்சாம் வகுப்போடு பள்ளியை விட்டு மூன்று அரிசி ஆலை கட்டியவன் நான். ஆள் பார்ப்பதில் எனக்குப் பிழை வந்ததில்லை. என் ஆலையில் நெல் அவிக்கும் ஹாலிதைக் கிரிக்கெட்டில் ஒருவரும் சேர்க்கமாட்டார்கள். வாகான பந்து வரும்வரை மட்டையை அசைக்கமாட்டான். பட்டப்பெயர் மரக்கட்டை.

நிந்தவூர் மைதானத்தில் பேஸ்போல் அணிக்கு ஆள் எடுத்தார்கள். ஓரிடம்தான் மிச்சம். ஹாலித் தனக்கு எறிந்த நாலு பந்தையும் அடிக்காமல் விட்டான். நடுவர் "நட" என்றார். அவன் தலைகுனிந்து, செருப்புக் கிடந்த வேலிப்பக்கம் நடந்தான்.

"அவுட்டா?" என்று தையற்கார மீராசாஹிபிடம் கேட்டேன். அவர் போனில் பேஸ்போல் பார்க்கிறவர்.

"இல்ல ஹாஜியார். பிழையான பந்து நாலை விட்டா, அடிக்காமலே முதல் தளத்துக்குப் போகலாம்."

"சும்மா நிண்டதுக்கா?"

"ஓம், பொறுமைக்குத்தான்!"

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "டேய் மரக்கட்டை, செருப்ப விடு! அங்கால ஓடு!" என்று கத்தினேன்.

"ஓடத் தேவல்ல, நடந்தாப் போதும்," என்று சிரித்தபடி பயிற்றுநர் அவன் பெயரை எழுதினார்.

"நீங்களா கண்டுபிடிச்ச ஆள்?" என்றார் மீராசாஹிபு.

"பின்ன? நெல்லுப் பதம் வரமுந்தி இவன் ஒருநாளும் மூடி திறந்ததில்ல."