கமலினி அக்காவும் கையை இறக்காத பிள்ளைகளும்

லண்டன் டூட்டிங்கில் ஒரு கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது மகள் மீரா தொலைபேசியில் அழைத்தாள். "அம்மா, கமலினி அக்கா போயிட்டா" என்றாள். கையிலிருந்ததைத் திரும்பப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். அன்றிலிருந்து எனக்குச் சரியான நித்திரை இல்லை. கண்ணை மூடினால் அவர் பழக்கிய பிள்ளைகள் கைகளை மேலே நீட்டியபடி வந்து நிற்கிறார்கள். ஏன் என்று அவரை அறிந்த உங்களில் சிலருக்குத் தெரியும்.

எண்பதுகளின் பிற்பகுதியில் இலங்கைப் போருக்குத் தப்பி அகதியாக வந்தவர் அக்கா. ஸ்ட்ரெதமில் ஒரு பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு பரிமாறினார். ஊரில் வலைப்பந்து ஆடிய கை சும்மா இருக்குமா? அங்கே வெள்ளைக்காரப் பிள்ளைகள் சியர்லீடிங் பழகுவதைப் பார்த்தார். பாட்டுக்கு ஆடி, ஒருத்தியை மற்றவர்கள் தூக்கி எறிந்து பிடிக்கும் போட்டி விளையாட்டு அது. பயிற்றுநரிடம் விடாமல் கேட்டுத் தானும் பழகிக்கொண்டார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்ததும் அதே மண்டபத்தில் எங்கள் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். தமிழ் படிப்பித்த எனக்கு மெத்தை விரிக்கும் உத்தியோகமும் சேர்ந்துகொண்டது.

"கட்டைப் பாவாடையோட உதென்ன கூத்து?" என்று ஒரு தகப்பன் சண்டைக்கு வந்தார். வடக்கிலிருந்து புதிதாக வந்திருந்த யாழினி, தர்சி என்ற சகோதரிகளின் தகப்பன். அக்கா குரலை உயர்த்தவில்லை.

"உள்ளுக்கு நீளக் காற்சட்டை போடுவினம் அண்ணை. பள்ளிக்கூடத்தில உங்கட பிள்ளையள் ஒரு மூலையில தனிய நிக்குதுகள். ஒராளை ஒராள் பிடிச்சே ஆகவேணும் எண்ட விளையாட்டுத்தான் உதுகளுக்கு வேணும்."

அடுத்த வாரமே இருவரும் வந்தார்கள். பலமான கைகள் என்பதால் அவர்கள் கீழே நிற்க, லண்டனில் பிறந்த என் சின்ன மீரா மேலே ஏறினாள்.

முதல் போட்டி ஹவுன்ஸ்லோவில். நாங்கள் எல்லோரும் வந்திறங்கிய விமான நிலையம் பக்கத்தில்தான் இருக்கிறது என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. மீரா மேலே போன நேரம் பார்த்து ஒரு விமானம் கூரையை உரசுவது போலப் போயிற்று. யாழினியும் தர்சியும் காதுகளைப் பொத்திக்கொண்டு தரையில் குப்புறப் படுத்துவிட்டார்கள். ஊரில் குண்டு போடும் விமானம் வந்தால் அப்படிப் படுத்துத்தான் அவர்கள் உயிர் தப்பியிருந்தார்கள். என் பிள்ளை வெறும் மெத்தையில் விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது.

"இனி என்ர பிள்ளை வரமாட்டாள்" என்று ஆஸ்பத்திரியில் அக்காவிடம் சொல்லிவிட்டேன். எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம்.

"நீங்கள் சொல்லுறது சரி" என்றார். "ஆனா இப்பிடியே விட்டா, அந்த ரெண்டும் இனி ஒருத்தரையும் தொடாதுகள்."

கட்டுப்போட்ட கையோடு கிடந்த மீரா குறுக்கிட்டாள். தன்னை யாழினியும் தர்சியும்தான் தூக்க வேண்டும், வேறு யாரும் வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கை சுகமானதும் நானே அவளைத் திரும்பக் கூட்டிப்போனேன்.

அதன்பின் அக்கா விமானங்கள் தாழ்ந்து இறங்கும் ஒரு புல்வெளிக்கு வாராவாரம் பிள்ளைகளைக் கூட்டிப்போனார். அங்கே யாரையும் தூக்கவில்லை. விமானம் கடந்துபோகும்வரை கைகளை உயர்த்தியபடி நிற்க வேண்டும், அவ்வளவுதான். யாழினி வாந்தி எடுத்தாள். "படுக்க வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை, அம்மா" என்பார் அக்கா. "மேல ஒரு பிள்ளை இருக்குது எண்டு நினையுங்கோ. அதைப் பிடிச்சுப்போட்டுப் படுங்கோ." சொல்லிவிட்டு எல்லோருக்கும் பின்னால் போய் நிற்பார். நாங்கள் யாரும் திரும்பி அவர் முகத்தைப் பார்த்ததில்லை.

அடுத்த வருடப் போட்டியும் அதே ஹவுன்ஸ்லோ மண்டபத்தில்தான். மீராவை மேலே எறிந்தார்கள். நான் பயந்தபடியே விமானமும் வந்தது. தர்சி அழுதுகொண்டே நின்றாள். யாழினி மீராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் ஒரு கையும் இறங்கவில்லை. என் மகள் அந்தக் கைகளுக்குள் வந்து விழுந்தாள். எங்களுக்குப் பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை.

சந்தோஷத்தில் நான் அக்காவைத் தேடினேன். நடுவர்களின் மேசைக்குப் பக்கத்தில், முகத்தைத் தரையோடு அழுத்திக் குப்புறப் படுத்திருந்தார். அருகில் குந்தி முதுகைத் தொட்டேன். உடம்பு பதறிக்கொண்டிருந்தது. அவரை நினைக்கும்போதெல்லாம் என்னிடம் மிஞ்சியிருப்பது, தலையைத் தூக்காமலே அவர் கேட்ட கேள்விதான்.

"பிள்ளையைப் பிடிச்சிட்டினமோ?"