தொடாமல் பார்த்த சேலைகள்

மூக்கம்மாளுக்கு ஞாயிறு என்றால் போடி சந்தை. மற்ற ஆறு நாளும் விடியுமுன் ராசிங்காபுரத்தில் ஜீப்பு ஏறி, போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பவள். இருபத்திரண்டு வருடமாக அதே சோலி. ஏழாம் நாள் சந்தையில் எதையும் வாங்காமலே அரை நாள் சுற்றுவாள். பிளாஸ்டிக் குடத்தைத் தட்டிப் பார்ப்பாள். வளையலை ஏற்றி இறக்குவாள். கருவாட்டை முகர்ந்து, "போன வாரத்துச் சரக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நடப்பாள். அவளைக் கண்டாலே பாதிக் கடைக்காரர்களுக்கு முகம் கடுத்துவிடும். அவளுக்கு அதுவும் ஒரு சுகம்.

அந்த ஞாயிறு மட்டும் வாங்கத்தான் வந்தாள். புதன்கிழமை மகள் தமிழினிக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்டார் முன்னால் நிற்க நல்ல சேலை இல்லை. பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாளோடு தங்கபாண்டியின் கடைக்குப் போனாள். தார்ப்பாயில் சேலைகள் குவிந்து கிடந்தன. நடுவில் அரக்கு நிறத்தில் ஒன்று, மஞ்சள் கரை. பார்த்ததுமே பிடித்துப்போய்க் கையை நீட்டினாள்.

"ஏய், கைய எடு!" தங்கபாண்டி அளக்கும் கம்பியைக் குறுக்கே நீட்டினான். "தார் ரோடு போட்டுட்டு வந்த மாதிரி இருக்கு. அந்தக் கையோட சேலையத் தொடாத."

ஏலக்காய்க் கறை. காய் எடுக்கும் காலத்தில் விரலெல்லாம் கறுத்துப்போகும். புளி, எலுமிச்சை, மண்ணெண்ணெய் எதற்கும் அசையாது. காய்ந்த பிறகு துணியில் ஒட்டவும் ஒட்டாது. போடியில் கடை போடுகிறவனுக்கு இது தெரியாதா? பக்கத்தில் ஒரு டீச்சரம்மா நின்றதால் வந்த பவுசு.

மூக்கம்மாள் கையை இழுத்துக்கொண்டாள். தார்ப்பாய் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"சரிப்பு. நான் தொடல. நீயே விரிச்சுக் காட்டு."

ஒன்றை விரித்தான்.

"முந்தி?"

காட்டினான்.

"வெயில்ல பிடி. ம்... அடுத்தது."

அரக்கை மட்டும் அவள் கேட்கவே இல்லை. இருபதாவது சேலையில் அவனுக்கு வேர்த்து ஊற்றியது. டீச்சரம்மா எப்போதோ போய்விட்டார்.

"என்ன, வெளையாடுறியா?"

"ஏன்டா கத்துற? தொட்டுப் பாத்திருந்தா ரெண்டு நிமிசத்துச் சோலி."

பாண்டியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடைசியாக அரக்கை விரித்தான். மூக்கம்மாளின் கண் மஞ்சள் கரையிலேயே நின்றது. தங்கபாண்டி அதைப் பிடித்துக்கொண்டான்.

"எடுத்துக்கக்கா, கொறச்சுத் தர்றேன். இந்தா, தொட்டுத்தான் பாரேன்."

"மடிச்சு வை" என்று எழுந்துவிட்டாள்.

பஸ்சில் பாண்டியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "அரக்கு மேலயே கண்ணா இருந்தியே மதினி, வாங்கித் தொலைக்க வேண்டியதுதான? புதன்கெழமைக்கு என்னத்தக் கட்டுவ?"

"பழசத்தான்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "எனக்கு எடுப்பாத்தான்டி இருந்திருக்கும்" என்றாள்.

புதன்கிழமை சாயம்போன ஊதாச் சேலையில் சம்பந்தியம்மாவுக்குக் காப்பி கொடுத்தாள். அந்த அம்மாள் கறுத்த விரல்களை ஒரு மாதிரி பார்த்தாள். மூக்கம்மாள் டம்ளரை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.