முப்பது மூட்டையும் ஒரு சுழியும்

எனக்குத் துணி தேய்க்கும் தொழில். பள்ளிக்கூடத்தில் கணக்கு வராததால் இதற்கு வந்தேன் என்று வீட்டில் சொல்வார்கள். தேய்ப்பும் அவ்வளவாக வரவில்லை என்பதைப் பெருந்தன்மையாக விட்டுவிடுவார்கள்.

ஒரு சனிக்கிழமை, இஸ்திரிப் பெட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போய் அலமாரி மேல் கொட்டிவிட்டேன். முப்பது மூட்டைகளின் பெயர்ச்சீட்டுகளும் கரைந்து நீலக் கறையாயின. உண்மையைச் சொல்லக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. குத்துமதிப்பாக முப்பது வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுநாள் காலை இருபத்தொன்பது வீட்டார் கடைமுன் நின்றார்கள். தன் துணியே கிடைத்த ஒரே ஆள் பல்மருத்துவர்.

கல்லூரியில் கணக்குச் சொல்லித்தரும் டீச்சர், தம்மைப்போல் மூன்று பேர் நுழையக்கூடிய ஒரு பேன்ட்டோடு வந்தார்.

“எத்தனை பேருக்குச் சரியா போச்சு, அண்ணே?”

“ஒருத்தருக்கு, டீச்சர்.”

திட்டுவார் என்று தலையைக் குனிந்தேன். அவர் சிரித்தார். “கண்ணை மூடிட்டுக் கொடுத்தாலும் சராசரியா ஒருத்தருக்குச் சரியா போகும். முப்பது மூட்டைன்னாலும் அப்படித்தான், மூவாயிரம்னாலும் அப்படித்தான்.”

“அப்ப என்னோட இருபது வருஷ அனுபவம்?”

“அது இதுல சேர்ந்த மாதிரி தெரியலை, அண்ணே.”

ஒருவருக்குமே சரியாகப் போகாத நாளும் நூற்றுக்கு முப்பத்தேழு வரும் என்றார். நான் நம்பவில்லை. சட்டை மடிப்பில் வைக்கும் அட்டையை வெட்டி, ஒன்று முதல் பத்துவரை இரண்டு வரிசை எழுதினேன். ஒன்றை வரிசையாகப் பரப்பி, மற்றதைக் கலைத்து அதன்மேல் வைத்துப் பார்த்தேன்.

“ஏங்க, தப்பா கொடுக்கறதுக்கும் பயிற்சியா?” என்றாள் மனைவி. அரைமணி கழித்து அவளே கலைத்துப்போட உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று வாரத்தில் இருநூறு தடவை. முதல் நூறில் நாற்பத்தொன்று, அடுத்த நூறில் முப்பத்துமூன்று தடவை ஒரு எண்கூடப் பொருந்தவில்லை. டீச்சரிடம் காட்டினேன். இருநூறை எழுபத்துநான்கால் வகுத்தார். இரண்டு புள்ளி ஏழு.

“இன்னும் நிறையத் தடவை போட்டா இரண்டு புள்ளி ஏழு ஒண்ணு எட்டுன்னு நெருங்கும். புள்ளிக்கு அப்புறம் முடிவே இல்லாத எண். இதுக்கு இங்கிலீஷ் எழுத்து ‘இ’னு பேரு. வட்டத்தை அளக்கிற ‘பை’, மைனஸ் ஒண்ணோட வர்க்கமூலம், இந்த ‘இ’, எல்லாம் ஒரே வரியில சேருது பாருங்க.” ரசீதின் பின்னால் எழுதிக் காட்டினார். அதில் எனக்குப் பரிச்சயமானது கடைசியில் இருந்த சுழி மட்டும். என் மதிப்பெண் தாளில் அடிக்கடி பார்த்தது.

இருந்தாலும் என் மடத்தனத்துக்கும் ஒரு ஒழுங்கு உண்டு, அது எங்கோ ஒரு வட்டத்தோடு உறவு வைத்திருக்கிறது என்பதை ஜீரணிக்க முடியவில்லை.

“நான் மூட்டையை மாத்திக் கொடுத்ததுல வட்டம் எங்க வந்துச்சு, டீச்சர்?”

அவர் முக்காலியை இழுத்துப்போட்டு ஒரு மணிநேரம் விளக்கினார். பாதி புரிந்தது என்று நினைக்கிறேன். எந்தப் பாதி என்றுதான் தெரியவில்லை. கருகல் வாடை வந்தபோதுதான் மேசையைப் பார்த்தேன். அவருடைய வெள்ளைச் சட்டையில் இஸ்திரிப் பெட்டி அப்படியே பதிந்திருந்தது.

“மன்னிச்சிடுங்க, டீச்சர்.”

சட்டையை விரித்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “போகட்டும், அண்ணே. இதைப் பாதியில எழுந்து போகாமக் கேட்டவர் நீங்க ஒருத்தர்தான்.”