பெல்ட் மாற்றச் சொன்ன பக்கம்

அன்று பட்டறையில் இருந்தது மூன்று பேர்: நைனா, மெக்கானிக், நான். அம்மா இல்லை, யாருடைய கொல்லைக்கோ கூலிக்கு மல்லாட்டைச் செடி பிடுங்கப் போயிருந்தாள். அம்மா இருந்திருந்தால் என்னை யாரும் எதையும் படிக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். மெக்கானிக் சொன்னால் மாற்ற வேண்டியதுதானே என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பாள்.

நைனா பன்னிரண்டு வருடம் அடுத்தவர்கள் காரை ஓட்டியவர். சொந்தமாக வாங்கிய முதல் கார் அது, எட்டு வருடப் பழைய டீசல் வண்டி. திருவண்ணாமலையில் ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி ஒருவர் வைத்திருந்தது. அவர் அதை ஓட்டியதைவிடத் துடைத்ததுதான் அதிகம் போலிருக்கிறது. மீட்டரில் நாற்பத்திரண்டாயிரம்தான் காட்டியது. அந்த எண்ணை நைனா செஞ்சி ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

மெக்கானிக் இன்ஜினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டைமிங் பெல்ட்டை இரண்டு விரலால் புரட்டிக் காட்டினார். பல் பல்லாக இருக்கும் ரப்பர் பட்டை. என் கண்ணுக்கு அது நன்றாக இருப்பதாகத்தான் தெரிந்தது. அவர் நகத்தை வைத்த இடத்தில் மயிரிழை மாதிரி வெடிப்புகள் இருந்தன.

"வண்டி ஓடலன்னாலும் ரப்பருக்கு வயசாவும்ணே. பெல்ட்டு, டென்ஷனரு, பேரிங்கு, மூணையும் சேத்து மாத்திடு. நாலாயிரத்து ஐந்நூறு ஆவும்."

"மாத்தலன்னா?"

"சொல்லிட்டா அறும்? ஓடும்போது அறுந்துச்சின்னா பிஸ்டன் போயி வால்வ இடிக்கும். அப்புறம் இன்ஜின பிரிக்கணும்."

அந்த மாதம்தான் நைனா இன்சூரன்ஸ் கட்டியிருந்தார். மேல்மலையனூர் கோயில் அமாவாசைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்த ஒரு நாள் வாடகை ஓட்டம் மற்ற பத்து நாள் ஓட்டத்துக்குச் சமம். காருக்குள் குனிந்து, வண்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"கம்பெனிக்காரன் இன்னா போட்டிருக்கான்னு படிச்சி சொல்லு."

"புஸ்தகமாண்ணே வண்டி ஓட்டப் போவுது?" என்றார் மெக்கானிக்.

"எம்புள்ள ஏழாவது படிக்கிறான். நீ எத்தினாவது?"

மெக்கானிக் சிரித்துக்கொண்டே ஸ்பானரைத் துடைத்தார்.

எங்கள் வீட்டில் எழுத்து தெரிந்த முதல் ஆள் நான். கரன்ட் பில், ரேஷன் கார்டு, மாத்திரை அட்டை எல்லாம் என் கைக்குத்தான் வரும். தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. கட்டம் போட்ட ஒரு பக்கத்தில் டைமிங் பெல்ட்டைக் கண்டுபிடித்தேன். எதிரே அறுபதாயிரம் கிலோமீட்டர் என்று இருந்தது. அந்த எண்ணின் தலையில் ஒரு நட்சத்திரக் குறி. பக்கத்தின் அடியில் அதே நட்சத்திரம் போட்டு, பொடி எழுத்தில் இரண்டு வரி. அதில் எனக்கு நாலு சொல்கூடத் தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

"அறுபதாயிரம் போட்டிருக்குது நைனா. இன்னும் பதினெட்டாயிரம் ஓடலாம்."

"கேட்டியா?" என்று மெக்கானிக்கைப் பார்த்தார் நைனா. "அமாவாசை முடியட்டும், பாத்துக்கலாம்."

அந்த இரண்டு வரி என்னைத் தூங்கவிடவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டு போய் இங்கிலீஷ் சாரிடம் காட்டினேன். அவர் ஒரு பார்வையில் சொல்லிவிட்டார். அவ்வளவு கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் ஐந்து வருடம் ஆகிவிட்டால் மாற்றிவிட வேண்டும். எது முதலில் வருகிறதோ அது.

"இது எதுக்குடா உனக்கு?"

"சும்மா சார்."

ஐந்து வருடம். எங்கள் வண்டிக்கு எட்டு. அன்றிலிருந்து நைனா சவாரிக்குப் போனால் திரும்பி வரும்வரை நான் தெருமுனையில் நின்றேன். தினமும் சொல்லிவிட நினைப்பேன். சொன்னால் அதற்கப்புறம் கரன்ட் பில்லைக்கூட என்னிடம் கொடுக்க மாட்டார்கள் என்று தோன்றும்.

அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. காலையிலிருந்து இரண்டு நடை போய் வந்திருந்த நைனா, மூன்றாவது நடைக்கு என்னையும் ஏற்றிக்கொண்டார். பின்சீட்டில் பாண்டிச்சேரிக் குடும்பம் ஒன்று, மடியில் கைக்குழந்தையோடு. நான் முன்னால். எல்லோரும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். நான் இன்ஜினைக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

"தம்பி என்ன படிக்கிறாப்ல?" என்றார் பின்னாலிருந்தவர்.

"ஏழாவதுங்க. இந்த வண்டி புஸ்தகம் இருக்குது பாருங்க, மொத்தமும் இங்கிலீஷு. பட்டறையில வச்சி கடகடன்னு படிச்சி சொல்லிட்டான். மெக்கானிக்கு வாயடச்சிப் போயிட்டான்."

வழியில் வளத்தி என்ற ஊர் வந்ததும் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். வளத்தி வந்தது. போயும்விட்டது.

"நைனா."

"இன்னாடா?"

"ஒண்ணுமில்ல."

அடுத்த வளைவில் டப்பென்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. இன்ஜின் நின்றது. பின்னால் ஸ்பெஷல் பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்தது. கனத்துப்போன ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இழுத்து, ஓட்டத்திலேயே வண்டியை மண்ணில் இறக்கி நிறுத்தினார் நைனா. குழந்தை அழுதது. யாருக்கும் அடியில்லை. ஒரே ஒருமுறை சாவியைத் திருப்பிப் பார்த்தார். இன்ஜின் பாரமே இல்லாத மாதிரி லேசாகச் சுற்றியது. உடனே கையை எடுத்துவிட்டார்.

அந்தக் குடும்பத்துக்கு வாடகையைத் திருப்பிக் கொடுத்து, கைகாட்டி நிறுத்திய ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டார். அதற்குப் பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"நைனா, நட்சத்திரம் போட்டு கீழ ரெண்டு வரி இருந்துச்சி. நான் அத படிக்கல. அஞ்சு வருஷம் ஆனாலும் மாத்தணுமாம்."

நைனா பானெட்டைத் திறக்காமலே அதன் மேல் கையை ஊன்றி நின்றிருந்தார்.

"அதத்தானடா மெக்கானிக்கு அன்னிக்கே சொன்னான்" என்றார். "நீ ஏன் மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு நிக்கிற. தண்ணி குடி."

அப்படியானால் என்னை எதற்குப் படிக்கச் சொன்னார் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை.

பெல்ட்டை ஏன் மாற்றவில்லை என்று வீட்டில் அம்மா கேட்டதற்கு, "புஸ்தகத்துல அறுபதாயிரம் ஓடலாம்னுதான் போட்டிருந்துச்சி" என்றார் நைனா. என் பக்கம் திரும்பவே இல்லை. அம்மா அந்தப் புத்தகத்தை எழுதியவனை ஒரு வாரம் திட்டினாள். அவன் கை வெளங்காமப் போவ என்றாள். அவள் திட்டத் திட்ட நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

இருபது நாள் கழித்து வண்டி வேலை முடிந்தது. பட்டறையில் இந்தமுறை அம்மாவும் இருந்தாள். மெக்கானிக் நீட்டிய பில்லை நைனா வாங்கி, மடிப்பு நீக்கி, என்னிடம் கொடுத்தார்.

"ஒரு வரியும் உடாம படி."

படித்தேன். டைமிங் பெல்ட். டென்ஷனர். பேரிங். வால்வு எட்டு. ஹெட் கேஸ்கெட். இன்ஜின் ஆயில். வண்டியை இழுத்து வந்த வாடகை. கழற்றி மாட்டிய கூலி. கடைசியில், கோடு போட்டு, மொத்தம்: இருபத்தெட்டாயிரத்து முந்நூறு ரூபாய்.