நாலரை மணிக்கு வேலை

கோட்டின் உட்புறம், கழுத்துப்பட்டைக்குக் கீழே, ஒரு துண்டு வெள்ளைத் துணியை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள் அவள். துவைத்தாலும் போகாத மையில் அதில் கணவரின் பெயரும் வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதியிருந்தாள். முப்பது வருடம் மருத்துவமனை வார்டில் உதவியாளாக இருந்தவள். அவள் தையல் கோணல்மாணலாக இருக்கும்; ஆனால் பிய்ந்து வராது.

"யாருக்கு நர்ஸம்மா அது?" என்றார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கணவர்.

"உங்களுக்குத்தான். தொலைஞ்சு போனா யாராவது கொண்டுவந்து விடணும்ல?"

"நானா? பதினாலாம் நம்பர் பஸ்ஸைக் கண்ண மூடிட்டு ஓட்டுவேன்."

"கண்ண மூடிட்டு ஓட்டித்தானே அந்த மளிகைக்கடைச் சுவரை இடிச்சீங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். காலையில் என்ன சாப்பிட்டார் என்பது நினைவில் இல்லை. அந்தச் சுவர் மட்டும் நினைவில் இருந்தது.

அவள் நர்ஸ் இல்லை. முதல் நாளிலிருந்தே அப்படித்தான் கூப்பிட்டார். வார்டில் காலை ஷிஃப்டுக்கு அவர் ஓட்டும் முதல் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவருவாள். இஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று முணுமுணுத்தபடி ஒரு நிமிடம் வண்டியை நிறுத்தி வைத்திருப்பார். தன் இருக்கைக்குப் பின்னால் உள்ள ஜன்னலில் படிந்த ஆவியை உள்ளங்கை அகலத்துக்குத் துடைத்துவிட்டிருப்பார், அவள் வெளியே பார்க்க. ஒரு குளிர்காலம் முழுக்க இப்படி நடந்தது. யாருக்கும் தெரியாது என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வண்டியில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது.

இப்போது மூன்று வருடமாக அவருக்கு மறதி. போன மாதம் இரண்டு முறை வெளியே போய்விட்டார். மூன்றாவது முறை நடந்தால் பேச்சே கிடையாது, பராமரிப்பு இல்லம்தான் என்று மகன் சொல்லிவிட்டான். விண்ணப்பப் படிவம்கூட வாங்கி வைத்துவிட்டான். அவன் சொல்வது தப்பு என்று அவளால் சொல்ல முடியவில்லை. குளிர் ஒரு கிழவரை என்ன செய்யும் என்று வார்டில் பார்த்தவள் அவள். பழகிய இடத்திலிருந்து பிடுங்கி வைத்தால் சாப்பாட்டைத் தொடாமல் கிடப்பவர்களையும் பார்த்திருந்தாள்.

தைத்து முடித்த கோட்டைக் கதவோரம் மாட்டிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். திரும்பி வந்தபோது நாற்காலி காலி. கோட்டு ஆணியிலேயே தொங்கியது.

மணி பார்த்தாள். நாலே முக்கால். வெளியே கும்மிருட்டு. இந்தக் குளிர் நாட்டில் பனிக்காலத்தில் சாயங்காலம் நாலரையும் விடியற்காலை நாலரையும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவர் பழையபடி நாலரைக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

சரி, கோட்டை ஏன் விட்டுவிட்டுப் போனார்? படியிறங்கும்போது அதுவும் புரிந்தது. டிப்போவில் டிரைவர்கள் முதலில் சட்டையோடு போய்க் கண்ணாடியைத் துடைத்து, இஞ்சினை ஓடவிட்டு வருவார்கள். அப்புறம்தான் ஓய்வறைக்குத் திரும்பிக் கோட்டு. முப்பத்தொரு வருடப் பழக்கம். அவர் எடுக்கவே மாட்டாத ஒன்றில் உட்கார்ந்து முகவரி தைத்திருக்கிறாள். தன் தலையில் தானே ஒரு குட்டு வைக்க வேண்டும் போலிருந்தது, அதற்கு நேரமில்லை.

தெருவோரம் வரிசையாகக் கார்கள், மேலெல்லாம் பனி. முதல் காரின் முன்கண்ணாடி மட்டும் சுத்தமாக இருந்தது. அடுத்ததும். அதற்கடுத்ததும். துடைத்த கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டே கோட்டும் கையுமாக நடந்தாள். ஏழாவது, குழாய் வேலை செய்பவரின் வேன். அந்த மனிதர் தன் மேல்சட்டையைக் கழற்றிக் கிழவர் தோளில் போர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு வண்டியும் திறக்க மாட்டேங்குது நர்ஸம்மா" என்றார் கணவர். "ஜனங்க காத்துட்டிருப்பாங்க."

"இன்னைக்கு உங்களுக்கு லீவு. வேற ஆளைப் போட்டிருக்காங்களாம்."

"இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?" என்று திட்டிக்கொண்டே கோட்டுக்குள் கையை நுழைத்தார்.

விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. அவள் தேய்க்கவில்லை, தேய்க்கக் கூடாது. வீட்டுக்குக் கூட்டிவந்து வெதுவெதுப்பான தண்ணீரில் நிறம் திரும்பும்வரை வைத்திருந்தாள். காலுறையையும் மாற்றினாள். பிறகு மகனுக்குப் போன் செய்தாள். மறைத்திருக்கலாம், குழாய்க்காரர் சொல்லப் போவதில்லை. ஆனால் வார்டில் எந்த நோயாளி வழுக்கி விழுந்தாலும் மறைக்காமல் எழுதி வைத்தவள். நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

காலையில் படிவத்தோடு வருவதாகச் சொன்னான்.

"வா. கதவைத் திறந்தா அடிக்குமே, அந்த மணி ஒண்ணும் வாங்கிட்டு வா. என்னைக்காவது ஒரு நாள் அங்க அனுப்ப வேண்டி வரும்டா, எனக்குத் தெரியாதா? இந்தக் குளிர்ல வேணாம். அவருக்கு வேலைக்குப் போகணும், அவ்வளவுதான். நம்ம கூட்டிட்டுப் போவோம்."

மறுநாள் காலை அவன் வந்ததும் மணியை மாட்டச் சொன்னாள். வெளியே இருட்டுவது அவருக்குத் தெரியாதபடி தினமும் மூன்றரைக்கே எல்லா விளக்கையும் போட்டுத் திரையை இழுத்துவிட வேண்டும் என்று தாளில் எழுதி ஒட்டினாள். பிறகு அவருக்குக் கோட்டு, தொப்பி, கையுறை எல்லாம் மாட்டி, கையில் ஒரு பிரஷ்ஷையும் கொடுத்து, மூவருமாகக் கீழே இறங்கினார்கள். அவர் வரிசை தவறாமல் துடைத்துக்கொண்டே போனார். மகனின் காருக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"என்னப்பா வேடிக்கை பாக்குற? பின்கண்ணாடியை யாரு துடைப்பா?"

அவன் கையிலிருந்த படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு துடைக்கப் போனான். அவருக்குத் திருப்தியில்லை. மூலையெல்லாம் அப்படியே இருக்கிறது என்று மறுபடியும் துடைக்கச் சொன்னார்.